வளவில் இரண்டாம் கிளி: ‘வேறு வைத்தல்’ முறையைப் பறவைகளுக்குப் பொருத்திப் பார்க்கும் ஓர் ஆய்வு

முகப்பு

ஒரு கிளி இருக்கும் வீட்டுக்குள் இன்னொரு கிளி வந்தால் என்ன நடக்கும் என்ற கேள்வியைத் தமிழ் ஆய்வுலகம் இதுவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மூத்தாள் இருக்க இளையாள் வந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சினிமாவும் சீரியலும் வேண்டிய மட்டும் தரவு திரட்டி வைத்திருக்கின்றன. கிளிக்குத்தான் நாதியில்லை.

ஆய்வுக் களம் சிவகங்கை மாவட்டத்துக் கண்டரமாணிக்கம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது அங்கே உள்ள ஒரு நகரத்தார் வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் பட்டாலை, வானம் பார்த்த வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டுகொண்டே போகும். கல்யாணம் காட்சிக்கு ஊரே பந்தியில் உட்காரும் வீடு. மற்ற நாட்களில் செட்டியார், ஆச்சி, ஒரு காக்டெயில் கிளி ஆகியோர் மட்டும். அந்தக் கிளியை இக்கட்டுரை இனி ‘மூ.கி.’ (மூத்த கிளி) என்று குறிக்கும். சென்னையிலிருந்து மகன் கொண்டுவந்து இறக்கிய இன்னொரு காக்டெயில் ‘இ.கி.’ (இளைய கிளி). பறவைகளின் உண்மைப் பெயரை வெளியிடுவது ஆய்வு அறமன்று.

ஏன் பச்சைக்கிளி இல்லை என்று கேட்பவர்களுக்கு: நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2023-இல் சென்னையில் நகைச்சுவை நடிகர் ஒருவர் வீட்டிலிருந்த இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வனத்துறை எடுத்துச் சென்று இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அவையும் இரண்டு கிளிகள்தான். ஆனால் அவற்றுக்குள் ஒத்துப்போனதா என்று யாரும் குறித்து வைக்கவில்லை. ஆய்வுலகுக்கு அது பேரிழப்பு. காக்டெயில் ஆஸ்திரேலியக்காரப் பறவை. கொண்டை வைத்த, சாம்பல் உடம்புக்காரன். சட்டம் அதைக் கண்டுகொள்வதில்லை.

பட்டாலை

முன்னோர் இரண்டாம் கிளியைப்பற்றி என்ன சொன்னார்கள் என்று பட்டாலையில் உட்கார்ந்து பேசியாக வேண்டும். மீனாட்சி கையில் ஒரு கிளி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கையில் ஒரு கிளி. இரண்டாவது கிளி எந்த நாச்சியார் கையிலும் இல்லை. அந்த இரண்டு கிளிகளுக்கும் நடுவே எழுபது கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி விட்டிருக்கிறார்கள். இதைத் தற்செயல் என்று தள்ளுவதற்கு இவ்வாய்வாளருக்கு மனம் வரவில்லை. ஆண்டாள் கோயிலில் இன்னும் நுட்பமான ஏற்பாடு: மாதுளம்பூவில் மூக்கு வைத்து, இலைகளால் தினமும் ஒரு புதுக்கிளி கட்டிச் சாத்துகிறார்கள். நேற்றைய கிளி இன்று இல்லை. எனவே மூத்தது இளையது என்ற பேச்சே எழாது. மதுரைக் கோயிலில் கிளிக்கூடு மண்டபம் என்று ஒன்று உண்டு. ஒரு காலத்தில் கூண்டு கூண்டாகக் கிளிகளை வைத்து மீனாட்சி பெயரைச் சொல்லப் பழக்கியிருந்தார்கள். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கிளிகளை விட்டுவிட்டது இன்றைய மண்டபம்.

மேல்நாட்டுச் சான்றுகள் சுவையானவை. ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்க அறிஞர் அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு நிறமும் எண்ணும் வடிவமும் சொல்லிக்கொடுத்தார். அவர் கையாண்ட முறையின் அடிப்படையே பொறாமை. கிளி பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு மனிதர்களில் ஒருவர் கேட்பார், மற்றவர் சரியாகச் சொல்லிப் பரிசை வாங்கிக்கொள்வார். அதைப் பொறுக்காத கிளி தானும் கற்றுக்கொள்ளும். பிறகு கிரிஃபின் என்று ஓர் இளைய கிளி வந்தது. அதற்குப் பாடம் நடக்கும்போது அலெக்ஸ் குறுக்கே புகுந்து விடை சொல்லும். கிரிஃபின் குழறினால் ஒழுங்காகச் சொல் என்று அதட்டும். 2007-இல் அலெக்ஸ் செத்துப்போகும்வரை அந்த ஆய்வகத்தில் மூத்தவன் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

இன்னொரு சான்று இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் வனவிலங்குப் பூங்காவிலிருந்து. 2020-இல் ஐந்து வெவ்வேறு வீட்டுக்காரர்கள் தந்த ஐந்து சாம்பல் கிளிகளை ஒரே அறையில் போட்டார்கள். ஒன்று கெட்ட வார்த்தை சொன்னது, மற்றொன்று சிரித்தது; அதைக் கேட்டு இன்னொன்று புதிதாக ஒன்று சொன்னது. கடைசியில் பார்வையாளர்கள் கண்ணில் படாமல் பிரித்து வைக்க வேண்டியதாயிற்று. கிளிகளுக்குள் ஒற்றுமை வந்தால் வீட்டுக்கு நல்லது என்ற பொது நம்பிக்கையை இச்சம்பவம் அசைத்துப் பார்க்கிறது.

இனி நம் கருதுகோள். இரண்டாம் கிளியைப் பற்றிப் பறவை மருத்துவர்கள் சொல்லும் விதிகள் எல்லாமே செட்டிநாட்டில் ஏற்கெனவே நடைமுறையில் இருப்பவை. மகனுக்குக் கல்யாணமாகிச் சில காலம் போனதும், அதே வீட்டில் அவனுக்கென்று அறையும் அடுப்பும் ஒதுக்கி, பாத்திர பண்டமும் அரிசி பருப்பும் கொடுத்துத் தனியாகச் சமைக்க விடுவார்கள். அதற்கு ‘வேறு வைத்தல்’ என்று பெயர். கூரை ஒன்று, உலை வேறு. கல்யாணமானதிலிருந்தே அந்தத் தம்பதி கோயில் கணக்கில் ஒரு புள்ளி. வரியும் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான். ஒருவர் சோற்றில் மற்றவர் கை வைக்காதவரை ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துக்கொள்ளலாம் என்ற இந்தப் பேருண்மையை மருத்துவர்கள் ‘தனிக் கூண்டு, தனிக் கிண்ணம், தனிக் குச்சி’ என்று சுருக்கிவிட்டார்கள்.

பின்கட்டு

புதுக்கிளி வந்தவுடன் பழைய கிளியிடம் காட்டவே கூடாது. குறைந்தது முப்பது நாள் வேறு அறையில், வேறு காற்றில் இருக்க வேண்டும். கிளிகளிடமிருந்து மனிதர்களுக்கும் தொற்றும் கிளிக்காய்ச்சல் என்று ஒன்று இருக்கிறது. 1929 கிறிஸ்துமஸுக்கு அமெரிக்காவின் அனாபொலிஸ் நகரத்தில் ஒருவர் மனைவிக்குக் கிளி வாங்கிக் கொடுக்க, கிளியும் செத்து வீட்டாரும் படுக்கையில் விழுந்தார்கள். நாடெங்கும் பீதி. அடுத்த மாதமே கிளி இறக்குமதிக்கு அதிபர் ஹூவர் தடை போட்டார்.

சென்னை அடுக்குமாடிக்காரர்கள் இந்த விதியைப் படித்துவிட்டுக் கையைப் பிசைவார்கள். குளியலறையைத் தவிர வேறு காற்று அவர்களுக்கு இல்லை. கண்டரமாணிக்கத்தில் இந்தச் சிக்கல் கிடையாது. மூ.கி. முகப்பில். இ.கி. பின்கட்டில், வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த ஓர் அறையைத் திறந்து கழுவி, அதில். முதலில் முகப்புக்குத் தீனி, பிறகே பின்கட்டுக்கு. மாறிப் போனால் கையைக் கழுவி உடுப்பை மாற்றிக்கொண்டு வர வேண்டும். வேலைக்கு வரும் அக்காவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. “தீட்டு வீட்டுக்குக்கூட இவ்வளவு பாக்க மாட்டாகளே ஆச்சி” என்றார். அவர் கூற்று இங்கே மாற்றமின்றிப் பதிவு செய்யப்படுகிறது. அடுப்படியிலும் ஒரு மாறுதல்: நான்ஸ்டிக் பணியாரச் சட்டி பரணுக்குப் போய், இரும்புக் கல் இறங்கியது. நான்ஸ்டிக் பூச்சு காய்ந்து புகைந்தால் மனிதருக்குத் தெரியாது, கிளி நிமிஷத்தில் விழுந்துவிடும்.

தனிமைக் காலத்தில் எதிர்பாராத ஒன்று நடந்தது. காக்டெயில் கூட்டமாக வாழும் பறவை. கண்ணில் படாத கூட்டாளியைச் சீட்டி அடித்துக் கூப்பிடும். பேச்சு அதற்கு அவ்வளவாக வராது, சீட்டி நன்றாக வரும். மூ.கி.க்குத் தெரிந்த சீட்டிகளில் தலையாயது ஆச்சியின் குக்கர் விசில். முகப்பிலிருந்து அது ஒரு விசில் விட, வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டிப் பின்கட்டு அறைக்குள் போய்ச் சேர்ந்தது. சில நாளில் பதில் விசில் வந்தது. நடுவில் இருந்தது அடுப்படி.

விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. ஆச்சி மூன்று விசிலுக்கு அடுப்பை அணைக்கிறவர். முகப்பில் ஒன்று, பின்கட்டில் ஒன்று, குக்கர் ஒன்று என்று மூன்று ஆகி, அணைத்துத் திறந்தால் அரிசி அரிசியாகவே இருந்தது. முகம் பார்க்காத இரண்டு பறவைகள் கூட்டுச் சேர்ந்து ஒரு வீட்டின் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட முடியும் என்பதற்கு இதுவே முதல் சான்று என்று இவ்வாய்வு உரிமை கோருகிறது. குக்கரை எடுத்து வைத்துவிட்டு ஆச்சி உலை வைத்து வடிக்கத் தொடங்கினார். சோறு இப்போதுதான் சோறாக இருக்கிறது என்கிறார் செட்டியார். அது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

வளவு

தனிமை முடிந்ததும் இரண்டு கூண்டுகளும் வளவின் எதிரெதிர் மூலைகளுக்கு வந்தன. நாளுக்கு ஒரு தூண் அளவு நெருக்கம். கவனிக்க வேண்டியது கொண்டையை. நிமிர்ந்து நின்றால் திகைப்பு. பாதி சாய்ந்தால் நிம்மதி. தலையோடு படிந்து, வாயைத் திறந்து சீறினால் கூண்டை மறுபடி ஒரு தூண் தள்ளி வைத்துவிட வேண்டும். இ.கி. கண்ணில் பட்ட முதல் நாள் மூ.கி.யின் கொண்டை தலையோடு ஒட்டிக்கொண்டது.

கூண்டைவிட்டு வெளியே விடும் நாளும் இடமும் முக்கியம். மூத்த கிளியின் கூண்டுக்கு மேலேயோ அருகிலேயோ விடவே கூடாது. அது அதன் வீடு. பொது இடத்தில் விட வேண்டும். பொது இடத்துக்கு வளவைவிடப் பொருத்தமானதைக் கட்டடக் கலை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. யாருடைய அறையும் அல்ல, எல்லார் அறையும் அதைப் பார்த்தே திறக்கும். கம்பி வலை போட்ட வளவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தீனியும் கொஞ்சலும் கூண்டுத் திறப்பும் மூத்ததற்கே முதலில். முதல் மரியாதைக்காக மனிதர்கள் நீதிமன்றம்வரை போகிற நாட்டில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எல்லாம் கருதுகோள்படியே போய்க்கொண்டிருந்தபோது இ.கி. இறகு உதிர்த்தது. குஞ்சுப் பருவத்தில் சாம்பல் காக்டெயிலில் ஆணா பெண்ணா என்று சொல்வது கடினம். முதல் இறகு மாற்றத்துக்குப் பிறகு முகம் மஞ்சள் பூத்து, வாலடியின் வரிகள் மறைந்தால் அது ஆண். இ.கி.யின் முகம் பளிச்சென்று மஞ்சளாயிற்று. மூ.கி.யும் அப்படியே. செட்டியார் பட்டாலையிலிருந்தபடியே மறுப்பை எழுப்பினார்.

“ரெண்டும் ஆம்பிளையா? கல்யாணமே ஆகலையே. அப்ப புள்ளி ஏது? யாரைக் கேட்டு வேறு வச்சீக?”

மறுப்பில் சாரம் இருக்கிறது. கல்யாணம் ஆகாத பிள்ளைக்குத் தனி உலை கிடையாது; அவன் பெரிய அடுப்படியில்தான் சாப்பிட வேண்டும். ஆயினும் இங்கே வேறு வைத்தது அடுப்பை அன்று, தினைக் கிண்ணத்தை என்பது இவ்வாய்வின் நிலைப்பாடு. வழக்கு இன்னும் தீரவில்லை. இடைக்கால ஏற்பாடாகக் கூண்டு இரண்டு, கிண்ணம் இரண்டு என்பதே தொடர்கிறது. காலையில் கூண்டுகளைத் திறந்ததும் மூ.கி. நேரே போய் இ.கி.யின் கிண்ணத்தில் தின்கிறது. இ.கி. மூ.கி.யின் கிண்ணத்தில் தின்கிறது. இரண்டிலும் இருப்பது ஒரே தினைதான்.