கிளீவ்லாந்தில் ஒரு கியர் பாக்ஸ் இறக்கம்

கிளீவ்லாந்து,
ஒஹாயோ.

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நாங்கள் நலம். நீங்கள், அத்தை, பட்டறைப் பையன்கள் எல்லோரும் நலம்தானே? எங்கள் வீட்டில் நலமில்லாமல் கிடந்தது வண்டி மட்டும்தான். போனில் சொன்னால் பாதிக் கதையிலேயே “கியர் பாக்ஸை இறக்குங்க மாப்பிள்ளை” என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

வண்டி 1995 மாடல் ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப். கியர் பாக்ஸ் மட்டும் மஸ்டா. அந்தக் காலத்தில் இரண்டு கம்பெனியும் சம்பந்திகள். 1994 முதல் இதே வண்டி மஸ்டா பெயரிலும் விற்றது. கிளட்ச் மிதித்து ஓட்டத் தெரிந்தவர்கள் இங்கே குறைவு என்பதால் விலை சல்லிசாக வந்தது.

கொஞ்ச நாளாகவே கிளட்ச் பெடல் சரியில்லை. மிதித்தால் பாதி தூரம் சும்மா போகும், கடைசியில்தான் பிடிக்கும். ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று ஒரு சத்தம். தெருவே திரும்பிப் பார்க்கும். பானெட்டைத் திறந்தால் கிளட்ச் ஆயில் டப்பா அடி தெரிகிறது. ஊற்றினேன், சரியானது. மறுபடி இறங்கியது, மறுபடி ஊற்றினேன். “ஊத்திக்கிட்டே இருந்தா எங்கயோ போகுதுன்னு அர்த்தம். எங்க போகுதுன்னு பாருங்க” என்றாள் உங்கள் மகள்.

முதலில் மாஸ்டர் சிலிண்டர். அதன் சீல் போயிருந்தால் ஆயில் பெடல் பக்கமாகக் கசிந்து உள்ளே இறங்கும். பெடலுக்கு மேலே விரலை விட்டுத் தடவினேன், கார்ப்பெட்டையும் தூக்கிப் பார்த்தேன். சொட்டு ஈரமில்லை. அடுத்து பைப். 1978-லிருந்து வருஷா வருஷம் தியாகராஜ ஆராதனை நடக்கிற ஊர் என்று நீங்கள் நாமக்கல்லில் பெருமையடிக்கிற இதே ஊரில், ஈரி ஏரிக்கு அடியில் 1,800 அடி ஆழத்தில் ஒரு உப்புச் சுரங்கமும் இருக்கிறது. பனி விழுந்தால் ரோடெல்லாம் உப்பு. வண்டிக்கு அடியில் எந்த போல்ட்டைத் தொட்டாலும் துரு பொலபொலவென்று கண்ணில் கொட்டும். ஆனால் பைப்பில் கசிவில்லை. பெல் ஹவுசிங்கின் அடியில்தான் ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த இடத்தில் எஞ்சின் பின்சீலும் ஒழுகலாம், கியர் பாக்ஸும் ஒழுகலாம், கிளட்ச்சும் ஒழுகலாம். இந்தக் கியர் பாக்ஸுக்கு ஊற்றுவது ஆட்டோமேட்டிக் வண்டிக்கான சிவப்பு ஆயில். இது சிவப்பில்லை, எஞ்சின் ஆயில் மாதிரி கறுப்புமில்லை. பழைய தேன் நிறம். உங்கள் மகள் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, அந்தச் சொட்டை விரலில் ஏந்தி உள்ளே விட்டாள். எஞ்சின் ஆயிலோ கியர் ஆயிலோ என்றால் மேலே மிதக்கும். இது சுருள் சுருளாக இறங்கித் தண்ணீரோடு கலந்துவிட்டது. “பிரேக் ஆயில். அப்பா பட்டறையில சின்ன வயசுலயே பாத்திருக்கேன்” என்றாள். அந்த டம்ளர், அத்தை பெயர் வெட்டிக் கொடுத்த சீர் டம்ளர் என்பதை அத்தையிடம் சொல்ல வேண்டாம்.

கிளட்ச்சுக்கு ஊற்றுவதும் அதே ஆயில்தான். ஆக, ஒழுகுவது கிளட்ச்சைத் தள்ளுகிற ஸ்லேவ் சிலிண்டர். நம்ம ஊர் லாரிகளில் அது வெளியே தொங்கும். இரண்டு போல்ட்டைக் கழற்றினால் கையோடு வரும். இதில் ரிலீஸ் பேரிங்கும் அதுவும் ஒன்றாகி, கியர் பாக்ஸின் முன் ஷாஃப்டைச் சுற்றி, பெல் ஹவுசிங்குக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஃபோர்க் கிடையாது, நேராகத் தள்ளும், சாமான் குறைவு. அப்போது பல கம்பெனிகளின் வண்டிகளில் இப்படித்தான். முப்பது வயதான ரப்பர் சீல் ஒழுகுவதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அதைத் தொட்டுப் பார்க்கவே கியர் பாக்ஸை இறக்க வேண்டும். நீங்கள் போனில் சொல்லியிருக்கக்கூடியதும் அதுதான்.

ஒரு பட்டறையில் விசாரித்தேன். கூலி மணிக்கு நூறு டாலருக்கு மேல்! மொத்தக் கணக்கைக் கேட்டபோது, வண்டியை அவர்களிடமே விட்டுவிட்டு நடந்து வந்துவிடலாமா என்று தோன்றியது. இங்கே சாமானுக்கு விலை இல்லை மாமா, கைக்குத்தான் விலை. அதனால்தான் இந்த ஊரில் டாக்டரும் வக்கீலும் லீவு நாளில் கார் அடியில் படுத்துக் கிடக்கிறார்கள். உதிரிபாகக் கடைக்காரர்களே முன்பணம் வாங்கிக்கொண்டு கருவிகளை இரவல் தருகிறார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் முழுசாகக் கைக்கு வரும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் கார் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். ஜாக்கி கொடுத்தார், ஸ்டாண்டு கொடுத்தார், நாற்காலி போட்டு உட்கார்ந்து யோசனையும் கொடுத்தார். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட்டுக்குப் பன்னிரண்டு முனை சாக்கெட்தான் சேரும். பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகளுக்கு ஆள் கை எட்டாது. எக்ஸ்டென்ஷன் ராடுகளை ஒன்றோடொன்று மாட்டி, கியர் பாக்ஸின் வால் பக்கத்திலிருந்து துழாவினால்தான் சிக்கும். ஒருவழியாக இறக்கினோம். உள்ளே எல்லாம் பிசுபிசு. இறக்கியது இறக்கினோம் என்று பிளேட், பிரஷர் பிளேட், பைலட் பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று. எஞ்சின் பின்சீல் காய்ந்து சுத்தமாக இருந்தது, முருகன் புண்ணியம்.

ஏற்றிய பிறகுதான் பெரிய வேலை, ஏர் எடுப்பது. உங்கள் மகள் பெடலில், நான் வண்டிக்கு அடியில். “அமுக்கு!” “அமுக்கிட்டேன்!” “விடாதே, பிடி!” “பிடிச்சுத்தானே இருக்கேன்!” நிப்பிளைத் திறந்து, குமிழி வந்ததும் மூடி, “இப்ப விடு!” பெரியவரின் மனைவி வாசலுக்கு வந்து, குடும்பத்தில் எல்லாம் சரிதானா என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்.

இத்தனை கத்தியும் பெடல் தொளதொளவென்றே இருந்தது. இந்த வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் சாய்ந்த வாக்கில் இருக்கிறது. ஏர் அதன் முனையில் ஏறிப் பதுங்கிக்கொள்ளும், எவ்வளவு மிதித்தாலும் வராது. உங்கள் மகள் இறங்கி வந்து பார்த்தாள். “கழட்டிச் சாய்ச்சுப் பிடிங்க, லேசாத் தட்டுங்க.” தட்டினேன். டப்பாவில் குமிழிகள் வரிசையாக வந்தன. பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இப்போது ரிவர்ஸ் சத்தமே இல்லாமல் விழுகிறது.

கடைசியாக முக்கியமான விஷயம். பெரியவரின் தம்பியிடமும் ஒரு பழைய பிக்கப் இருக்கிறதாம், அதிலும் கிளட்ச் தகராறாம். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறார். என்னை அல்ல, உங்கள் மகளைப் பார்க்க. கூலி எவ்வளவு கேட்கலாம் என்று உங்களிடம் விசாரிக்கச் சொன்னாள். தயவுசெய்து நாமக்கல் ரேட்டைச் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
அன்பு மாப்பிள்ளை