நேரலைப் பதிவியல்: இரு பந்துகளுக்கு இடைப்பட்ட காலம் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

மேட்ச் நடக்கும்போதே பதிவு போடும் கலை இன்று வீடுதோறும் பயிலப்படுகிறது. எனினும் இதற்கு இலக்கணம் செய்தார் எவருமிலர். நாம் போட்ட பதிவுக்கு ஏழு லைக் விழுவதும், அதே கருத்தைப் பத்து நிமிடம் கழித்துப் போட்டவருக்கு எழுநூறு விழுவதும் ஊழ்வினை என்றே இதுகாறும் கருதப்பட்டது. அன்று, அது காலக்கணக்கே என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆய்வுக் களம்

2023 ஐபிஎல் இறுதிப் போட்டி, அகமதாபாத். மே 28 மழையோடு போயிற்று. 29 இரவு தொடங்கிய ஆட்டம் மறுபடி மழையில் நனைந்து, 30 அதிகாலை ஒன்றரை மணியளவில் முடிந்தது. சென்னைக்கு 15 ஓவரில் 171 என இலக்கு மாறியது. கடைசி 2 பந்தில் 10 ரன் தேவை. மோகித் சர்மா வீச, ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். மூன்று தேதிகளைத் தின்ற ஒரே ஆட்டம். ஆய்வாளருக்கு வேறென்ன வேண்டும்?

3. தாமதக் கோட்பாடு

ஒரே பந்தை நாடு ஒரே கணத்தில் பார்ப்பதில்லை. டிஷ் வைத்திருப்பவர் மைதானத்துக்குச் சில விநாடி பிந்தியவர். செயலியில் பார்ப்பவர் பெரும்பாலும் அவருக்கும் பிந்தியவர். படம் நின்று நின்று ஓடாதிருக்க, கைபேசி கொஞ்சம் காட்சியை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டத் தொடங்குகிறது. ஆகவே நம் கைபேசியில் மோகித் ஓடிவரும்போதே மாடிவீட்டில் விசில் பறந்துவிடும்.

அற்றேல், மைதானத்தில் இருப்பவர் முந்துவாரோ எனின், முந்தார். அங்கே லட்சம் பேர் ஒரே நேரத்தில் சிக்னலுக்கு முட்டி மோதுவதால், அவர் பதிவு போகாமல் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். முதலில் அறிந்தவரே கடைசியில் சொல்கிறார்.

இதனால் பெறப்படுவது: ஸ்கோரை முந்திச் சொல்லிப் பெயர் வாங்கலாம் என்பது மனப்பால். ஸ்கோரில் இல்லாததைச் சொல்பவரே பதிவாளர்.

4. மாத்திரைக் கணக்கு

குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என மாத்திரை வகுத்தார் தொல்காப்பியர். 2017 நவம்பரில் 140 என்ற வரம்பை 280 ஆக உயர்த்திய ட்விட்டர், இந்நாள் எக்ஸ், அவரைக் கலந்துகொண்டதாகத் தெரியவில்லை. அங்கே ‘க’வுக்கு ஒன்று, புள்ளி தனிக்குறி ஆதலால் ‘க்’குக்கு இரண்டு. ஒலி குறையக் குறைய விலை ஏறுகிறது. இக்கணக்கின்படி ‘சிக்ஸ்’ என்பது மிகச் சரியாக 6. ‘ஃபோர்’ 4 ஆகியிருக்க வேண்டும். ஆய்தம் புகுந்து 5 ஆயிற்று. அந்த உபரி ஒன்றை நோபால் எனக் கொள்க.

5. இடைவெளிக் கோட்பாடு

பந்து பறக்கும்போது எவரும் ஆட்டத்தைவிட்டுக் கண்ணெடுப்பதில்லை. அப்போது போடும் பதிவு ஆளில்லாத கடையில் ஆற்றிய டீ. பந்து நின்றதும் கை தானாகக் கைபேசிக்குப் போகிறது. ஓவர் மாறும் நேரம், மூன்றாம் நடுவர் யோசிக்கும் நேரம், இரண்டரை நிமிட ஸ்ட்ராடஜிக் டைம் அவுட், எல்லாவற்றுக்கும் மேலாக மழை. உலகிலேயே பணக்காரக் கிரிக்கெட் வாரியத்தின் இறுதிப் போட்டியில் ஊழியர்கள் குனிந்து உட்கார்ந்து ஸ்பாஞ்சால் ஈரத்தை ஒற்றியெடுத்தது, மீம் போடுவோர்க்கு வாராது வந்த மாமணி.

அயல்நாட்டுச் சான்றும் உண்டு. 2013 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் சூப்பர் பவுல் ஆட்டத்தில் 34 நிமிடம் விளக்கணைந்தது. இருட்டிலும் பிஸ்கட்டைப் பாலில் முக்கலாம் என்று ஓரியோ ஒரு வரி போட்டது. அன்றைய ஆட்டத்தின் ஸ்கோரை மறந்தவர்களுக்கும் அந்தப் பிஸ்கட் நினைவிருக்கிறது.

6. மறுப்பும் விடையும்

கடைசிப் பந்துக்குப் பின் பொறுப்பது மனித இயல்பன்று என்பாரும் உளர். ஒக்கும். ஆனால் அன்று பொங்கியெழுந்த ‘டேய்ய்ய்ய்’ வகைப் பதிவுகளை விடிந்தபின் படித்தால், அது வெற்றியா பல்வலியா என்று விளங்காது. யார், எந்த ஓவர், என்ன நடந்தது என்ற மூன்றும் இருந்தால்தான் பதிவுக்கு மறுநாள் உயிர். கண்ணை மூடித் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த தோனி, சற்று நேரத்தில் ஜடேஜாவை அலாக்காகத் தூக்கியதைப் பார்த்து எழுதியவர் பிழைத்தார்.

7. பரிந்துரைகள்

வெற்றிக்கு ஒன்று, தோல்விக்கு ஒன்று என இரண்டு பதிவு முன்கூட்டியே எழுதி வைத்தல் நன்று. பதற்றத்தில் மாற்றிப் போடாதிருத்தல் அதனினும் நன்று. ஹேஷ்டேக்கில் எழுத்துப் பிழை விட்டவர் தனிக்காட்டு ராஜாவாகத் திரிவார்.

8. மேலாய்வுக்குரியது

குடும்ப வாட்ஸாப் குழுவில் மறுநாள் காலை ரோஜாப்பூவும் ‘இனிய காலை வணக்கமும்’ அனுப்பிவிட்டு, “நேத்து யாரு ஜெயிச்சா?” என்று கேட்கும் பெரியப்பா ஒருவர் எங்கும் உளர். இவருடைய தாமதம் ஏறக்குறைய ஆறு மணி நேரம். இதற்குச் செயற்கைக்கோள் பொறுப்பாகாது. இருந்தும், அன்று அந்தக் குழுவில் அதிகம் பேர் பதில் போட்டது இவருக்குத்தான்.