சாக்கில் போன பூனைகள், கூடையில் வரும் பூனைகள்

கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடுகளில் பூனையை யாரும் முனைந்து வளர்த்ததாக எனக்கு நினைவில்லை. அது பாட்டுக்கு இருந்தது. சோளமும் கம்பும் நிலக்கடலையும் வீட்டுக்குள் வந்தால் எலி வரும். எலி வந்தால் பூனை வரும். அன்னூர்ப் பக்கம் எங்கள் அப்புச்சி வீட்டில் அட்டாலி நிறைய விதைக்கடலை மூட்டைகள் கிடக்கும். கீழே ஆள் உயரத்துக்கு மண் குதிர் நிற்கும். இரண்டுக்கும் நடுவே சாம்பல் நிறப் பொட்டைப் பூனை ஒன்று குடியிருந்தது. அதற்குப் பெயர்கூட யாரும் வைக்கவில்லை. விடியற்காலையில் எருமை கறக்கும் நேரத்துக்குச் சரியாகக் கட்டுத்தரைக்கு வந்து உட்கார்ந்துவிடும். அம்மாயி முதல் பீச்சை அதன் வாயைப் பார்த்துப் பீச்சுவார். மூக்கிலும் மீசையிலும் வழிகிற பாலை அது கண்ணை மூடிக்கொண்டு நக்கும். "எலி புடிக்கறவளுக்குக் கூலி குடுக்கோணுமில்ல கண்ணு" என்பார் அம்மாயி.

இந்த ஏற்பாடு மிகப் பழையது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கல்லறையில் மனித எலும்புக்கூட்டின் அருகிலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்டார்கள். மனிதன் விளைந்த தானியத்தைச் சேர்த்துவைக்கத் தொடங்கிய காலத்தை ஒட்டியே பூனையும் அவன் வாசலுக்கு வந்திருக்கிறது. அம்மாயியின் குதிர் அந்த நீண்ட கதையின் கடைசிப் பக்கங்களில் ஒன்று.

பூனையின் அருமையைக் கோயமுத்தூர் பட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளில் இந்த ஊரைப் பிளேக் திரும்பத் திரும்பத் தாக்கியது. எலியின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி பரப்பும் நோய் அது. அந்தப் பயத்தில் எழுந்த பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் நகருக்குள் இருக்கின்றன, பூசையும் நடக்கிறது. அதே காலத்தில் ஆண்ட்ரூ புக்கானன் என்ற இந்திய மருத்துவப் பணி அதிகாரி, பூனைகள் அதிகம் இருந்த ஊர்களில் பிளேக் குறைவாக இருந்ததாகக் கணக்குப் பார்த்து, பூனை வளருங்கள் என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 1908-ல் எழுதினார்.

இப்படியெல்லாம் இருந்தும் அந்தக் காலத்தைப் பூனைகளின் பொற்காலம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அப்புச்சி வீட்டுப் பூனை வருடத்தில் பாதி நாள் சினையாகவே இருக்கும். போட்ட குட்டிகளில் சிலவற்றைக் கடுவன் கடித்துப் போடும், சிலவற்றை நாய் பிடிக்கும், சில கிணற்றில் விழும். எத்தனை பிறந்தன, எத்தனை பிழைத்தன என்று யாரும் எண்ணியதில்லை. மிஞ்சியவை பால் குடி மறந்து சமையல்கட்டில் உருட்டத் தொடங்கியதும் மாமா சாக்கைத் தேடுவார்.

வியாழக்கிழமை புளியம்பட்டிச் சந்தை. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு வாங்கப் போகிற கையோடு குட்டிகளையும் சாக்கில் போட்டு, வாயைக் கயிற்றால் சுற்றிக் கட்டி, பஸ்ஸில் காலடியில் வைத்துக்கொண்டு போவார். சாக்கில் போட்டால்தான் வழி தெரியாது, திரும்பி வராது என்பது ஊரார் நம்பிக்கை. கடலை மண்டிக்குப் பின்னால் அவிழ்த்து விட்டுவிட்டு வந்துவிடுவார். "மண்டியில எலி கெடக்குது, பொழைச்சுக்கும் சாமி" என்று எனக்குச் சமாதானம் சொல்வார். தாய்ப்பூனை அன்று இரவெல்லாம் குதிருக்குப் பின்னால் போகும், வரும், அட்டாலியில் ஏறும், இறங்கும். குட்டிகளைக் கூப்பிட அதற்கென்று ஒரு குரல் உண்டு, தொண்டைக்குள்ளேயே உருளுகிற குரல். அந்தக் குரலைக் கேட்டவர்கள் யாரும் பூனைக்குப் பாசம் கிடையாது என்று சொல்ல மாட்டார்கள்.

மாமா கல் நெஞ்சக்காரர் இல்லை. காளைக்குக் காய்ச்சல் என்றால் இரவு முழுக்கக் கட்டுத்தரையிலேயே படுப்பார். குட்டி பிறக்காமல் தடுக்க அன்று ஊரில் யாருக்கும் வழி தெரியாது. பிறந்ததை இடம் மாற்ற மட்டும் தெரிந்திருந்தது.

இன்று நான் குடியிருப்பது பீளமேட்டில். ஒரு காலத்தில் பஞ்சாலைச் சங்கு ஊதித்தான் இந்தப் பகுதி விழித்தெழும். தொழிலாளர்கள் இருந்த லைன் வீடுகளுக்கு ஓட்டுக்கூரை. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் சந்து பூனைக்குப் போதும். புறக்கடையில் விறகடுக்கு, வெந்நீர் அடுப்பு, அதன் கதகதப்பில் குட்டி போட்டுக்கொள்ளும். அந்த இடமெல்லாம் இப்போது அடுக்குமாடிகள். சுவரெல்லாம் வழவழவென்று பூசியிருக்கிறார்கள், தரையெல்லாம் சிமெண்ட். தானியம் கிலோக் கணக்கில் பாக்கெட்டில் வருகிறது, எலிக்குப் பசை அட்டை வைக்கிறார்கள். பூனைக்கு மிஞ்சியிருப்பது கார்களின் அடி. மழை இரவில் அது எஞ்சின் சூட்டைத் தேடி பானெட்டுக்குள் ஏறிப் படுத்துக்கொள்கிறது. காலையில் அவசரமாக வண்டியை எடுப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: சாவியைத் திருப்பும் முன் பானெட்டை நன்றாக இரண்டு தட்டு தட்டுங்கள். உள்ளே ஓர் உயிர் இருந்தால் இறங்கி ஓட அவகாசம் கிடைக்கும்.

இடம் போனாலும், அன்று இல்லாத ஒன்று இன்று வந்திருக்கிறது. பூனைக்காக மனம் இளகுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அக்கா, உக்கடம் மீன் மார்க்கெட்டில் மத்தி வாங்கி வேகவைத்து முள் எடுத்துச் சோற்றோடு பிசைந்து பொழுதோடு கொண்டுவருகிறார். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும் பெண் இரவுப் பணி முடிந்து வரும் வழியில் தண்ணீர்ச் சட்டியைக் கழுவி நிரப்பிவிட்டுப் போகிறார். ஆட்டோக்காரத் தம்பி ஒருவர் பூனைக் கூடைக்கு வாடகை வாங்குவதில்லை. "மனுசன ஏத்துனா காசுங்க, இதுக்கு எப்புடிங்க வாங்கறது?" என்பது அவர் வழக்கு.

குட்டி ஒன்று தனியாகக் கத்தினால் உடனே தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். பூனை ஏழு வீடு மாற்றும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஏழு என்ற கணக்கு எப்படியோ, தாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு இடம் மாற்றுவது உண்மை. ஒன்றைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அடுத்ததற்குத் திரும்பி வருவதற்குள், அநாதைக் குட்டி என்று நினைத்து நாம் எடுத்துவிடுகிறோம். ஆபத்தான இடம் இல்லை என்றால் தூர நின்று சில மணி நேரம் பார்க்க வேண்டும். தாயைவிட நல்ல மருத்துவமனை அதற்குக் கிடையாது.

தாய் வரவே இல்லை என்றால்தான் நம் வேலை தொடங்குகிறது. பிறந்த குட்டி 100 கிராம்தான் இருக்கும். கண் திறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. குளிர்ந்த குட்டிக்குப் பால் புகட்டினால் செரிக்காமல் செத்துப்போகும், ஆகவே முதலில் சூடு, பிறகுதான் பால். அதுவும் பசும்பால் ஆகாது, வயிற்றுப்போக்கு வந்துவிடும். பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால் மாவைக் கரைத்து, குட்டியைக் குப்புற வைத்து, சொட்டுச் சொட்டாக இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இரவிலும் கொடுக்க வேண்டும். மல்லாக்கப் பிடித்துப் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெதுவாகத் துடைத்துவிட வேண்டும். தாய் நக்கிவிடுவதற்கு ஈடு அது. துடைக்காவிட்டால் மூத்திரம்கூடப் போகாது. சமையலறையில் சிறிய தராசை வைத்து, தினமும் பத்துப் பதினைந்து கிராம் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே உயிர் பிழைக்க வைக்கிறார்கள் இந்தப் பெண்கள். குட்டிகளை எண்ணாத வீட்டில் வளர்ந்த எனக்கு அந்தத் தராசைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது.

எட்டு வாரம் ஆனதும் வீடு தேட வேண்டும். முதல் தடுப்பூசியும் பூச்சி மருந்தும் போட்ட பிறகே தருகிறோம். மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி அவசியம் என்றும் சொல்லி அனுப்புகிறோம். கேட்டு வருகிறவர்களிடம் எங்கள் அக்கா விசாரிக்கும் தோரணையைப் பார்த்தால் பெண் கொடுக்கிற வீடு தோற்றது. சன்னலுக்கு வலை அடித்திருக்கிறீர்களா? பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? சொந்த வீடா, வாடகையா? வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா?

வடவள்ளியில் ஒரு வீட்டுக்குக் கறுப்புக் குட்டியைக் கொண்டுபோயிருந்தோம். மகனுக்கும் மருமகளுக்கும் சம்மதம். வயதான அம்மா மட்டும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "ஏனுங்க அம்மணி, கறுப்பு ஆகாதுன்னு சொல்லுவாங்களே?" என்று கேட்டார். எங்கள் அக்கா பொறுமையாகப் பதில் சொன்னார்: "ஆகாதுன்னு சொல்லிச் சொல்லித்தானுங்கம்மா யாருமே இதைய எடுக்கறதில்லைங்க. உங்களுக்கு மனசு ஒப்பலைன்னா சொல்லிருங்க, நாங்களே கூட்டிட்டுப் போயிக்கறோம். வருத்தமில்லைங்க." அந்த அம்மா கூடைக்குள் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "மொதல்ல அதுக்குத் தண்ணி வெய்யிங்க" என்றார்.

சாக்குக்கும் கூடைக்கும் உள்ள தூரம் இந்தக் கேள்வி பதிலில் இருக்கிறது. ஒத்துப்போகவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் திருப்பித் தரலாம் என்ற உறுதியோடுதான் கூடை போகிறது. சாக்கில் போனதற்குத் திரும்ப ஓர் இடம் இருந்ததில்லை.

சாக்கு இன்னும் மறைந்துவிடவில்லை. பெர்சியன் பூனையைப் பணம் கொடுத்து வாங்கி, கோவை வெயிலில் அதன் முடியைச் சீவிப் பராமரிக்க முடியாமல், இரவோடு இரவாகப் பூங்கா வாசலில் விட்டுப் போகிறார்கள். தெருவில் ஒருநாளும் இரை தேடியறியாத பூனை அது. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் விலங்கைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் முறை குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய், மிஞ்சினால் ஐம்பது. சட்டம் வந்தபோது அது ஒரு தொகை. இன்று அதில் இரண்டு பேர் உட்கார்ந்து காபி குடிக்க முடியாது.

வீடு கொடுப்பதாலேயே இது தீராது என்பதையும் சொல்ல வேண்டும். பூனையின் சினைக்காலம் இரண்டு மாதம் சொச்சம். ஈற்றுக்கு நாலைந்து குட்டி. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடித்துவிடும். பிறந்த குட்டியே ஆறு மாதத்துக்குள் சினையாகிவிடக்கூடும். குட்டிகளுக்கு வீடு தேடிக்கொண்டே தாயை விட்டுவிட்டால், நாம் ஓயாமல் ஓடினாலும் தெரு அப்படியேதான் இருக்கும்.

அதனால் பிடிக்க வேண்டியது தாயை. முந்தைய நாள் சாப்பாட்டை நிறுத்தி, பொறிக்கூண்டின் கடைசியில் மத்தியை வைத்து, வாசலிலிருந்து மீன் வாசத்தைத் தீற்றிக்கொண்டே போக வேண்டும். தட்டில் கால் வைத்ததும் கதவு விழும், பூனை மிரண்டு மோதும். அந்தக் கணமே கூண்டின் மேல் கனமான துணியைப் போர்த்திவிட்டால் இருட்டில் அமைதியாகிவிடும். கருத்தடை முடிந்ததும், மயக்கத்திலேயே காது நுனியைத் துளி வெட்டிவிடுவார்கள். இதற்கு அறுவை முடிந்துவிட்டது என்று தூரத்திலிருந்தே தெரிய அந்த அடையாளம். தேறியதும் பிடித்த இடத்திலேயே விடுகிறோம். வேறு எங்கோ கொண்டுபோய் விட்டால் அது புளியம்பட்டிச் சாக்குதான். காலியான இடத்துக்கும் வேறு பூனைகள் வந்துவிடும்.

நாய்களுக்கு இந்த வழியைக் கோவை முன்பே கண்டுவிட்டது. மினி வாசுதேவன் 2006-ல் தொடங்கிய ஹியூமேன் அனிமல் சொசைட்டி தெருநாய்களின் கருத்தடையில் ஆண்டுக்கணக்காக உழைத்தது. அவருக்கு 2018ஆம் ஆண்டுக்கான நாரி சக்தி விருதும் கிடைத்தது. 2001-ல் வந்த மத்திய அரசின் கருத்தடை விதிகள் பெயரிலேயே நாய்களுக்கானவை. 2023-ல் வந்த புதிய விதிகளின் பெயரில் நாய் என்ற வரையறை இல்லை. ஆனாலும் நடைமுறையில் பூனைக்கான செலவு பெரும்பாலும் இந்த அக்காக்களின் கைக்காசு. நாய்க்கென்று மாநகராட்சி செய்வதைப் பூனைக்கும் முறையாகச் செய்ய வேண்டும். குட்டிகள் குறைந்தால் அணிலுக்கும் குருவிக்கும் நல்லது, வெறிநோய்ப் பயமும் குறையும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். இஸ்தான்புல் நகரத்துக் கடைக்காரர்கள் தெருப்பூனைக்குத் தண்ணீர் வைப்பதைத் தங்கள் வாசல் பெருக்குவதைப் போல அன்றாட வேலையாக வைத்திருக்கிறார்கள். நம்மாலும் முடியும். உங்கள் குடியிருப்புச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானம் போடுங்கள்: வளாகத்துப் பூனைகளுக்குச் சோறு வைக்க ஒரு மூலை, வைத்த இடத்தை அரை மணியில் கழுவிவிட ஒருவர், பொட்டைப் பூனைகளின் கருத்தடைக்குப் பராமரிப்புப் பணத்தில் ஒரு சிறு பங்கு. அம்மாயி காலத்தில் பூனைக்கு இடம் இருந்தது, எண்ணிப் பார்க்க ஆள் இல்லை. இன்று கிராம் கணக்கில் எண்ணிப் பார்க்க ஆள் இருக்கிறது. இடத்தைத் தருவது நம் கையில் இருக்கிறது. அடுத்த கூட்டத்திலேயே தந்துவிடலாம்.