லூமுட்டில் தங்காமை: முதுகுப்பையரை முன்வைத்து ஒரு முன்னாய்வு

முதுகில் தலைக்கு மேல் எழும்பிய பை, வயிற்றுப் பக்கம் அதன் குட்டியாக இன்னொரு பை, காலில் ஜப்பான் சிலிப்பர், கையில் தண்ணீர்ப் போத்தல். இந்த இலக்கணங்கள் பொருந்திய ஆளை இக்கட்டுரை 'முதுகுப்பையர்' எனக் குறிக்கும்.

ஆய்வுச் சிக்கல் இதுதான். கோலாலம்பூரில் பஸ் ஏறி, சித்தியவானைத் தாண்டி, பேராக் மாநிலக் கடற்கரையிலுள்ள லூமுட்டில் வந்து இறங்கும் முதுகுப்பையர், பஸ் நிலையத்துக்கும் ஜெட்டிக்கும் இடையே நடக்கும் சில நிமிடங்களைத் தவிர லூமுட்டில் இருப்பதே இல்லை. ஏன்? பங்கோர் தீவுக்குப் போகத்தானே வந்தார் என்பது எளிய விடை. எளிய விடைகளால் ஆய்வுத்துறை வளர்ந்ததாக வரலாறு இல்லை. ஆகவே அதை ஒதுக்கி வைக்கிறோம்.

இதே ஆளை இந்தியாவின் உதய்ப்பூரில் வைத்துப் பார்ப்போம். அங்கே பிச்சோலா ஏரிக்கரையில் மொட்டைமாடிச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் நாற்காலியைப் பிடித்தால் எழுந்திருக்கவே மாட்டார். காலையில் ஏரி, மதியம் ஏரி, மாலையில் ஏரியோடு தேநீர். இருட்டிய பிறகு, 1983-இல் வெளிவந்து அவ்வூரைக் காட்டிய ஜேம்ஸ் பாண்ட் படமான 'ஆக்டோபுசி'யைத் திரையில் போட்டால், கண்முன் இருக்கும் ஏரியை விட்டுவிட்டுத் திரையில் தெரியும் ஏரியைப் பார்ப்பார். அங்கும் தண்ணீர், இங்கும் தண்ணீர். அங்கும் நீரின் நடுவே தீவு உண்டு, இங்கும் உண்டு. பின் எதனால் அங்கே ஒட்டுகிறார், இங்கே வழுக்குகிறார்?

காசுதான் காரணம் என்பது எம் துணிபு. பிச்சோலாவின் தீவில் நிற்பது மகாராணாவின் பழைய அரண்மனை. இன்று அது நட்சத்திர ஹோட்டல். அங்கே ஓர் இரவு தங்கும் செலவில் முதுகுப்பையர் மாதக்கணக்கில் ஊர் சுற்றலாம். ஆகவே கரையில் உட்கார்ந்து பார்க்கிறார். லூமுட்டிலோ, பெரி டிக்கெட்டை எடுத்துவிட்டால் அரை மணி, முக்கால் மணியில் யாரும் தீவில் இறங்கலாம். இறங்கியதும் பிங்க் நிற வேன் தெலுக் நிப்பா கடற்கரைக்கு ஏற்றிக்கொண்டு போகும். தீவு எட்டாத ஊரில்தான் கரை பிழைக்கும் என்னும் இவ்விதிக்கு 'லூமுட் விதி' எனப் பெயரிடுகிறோம். வேறு யாரும் இதுவரை உரிமை கோரவில்லை.

இவ்விதிக்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. டச்சுக்காரர்கள் வெள்ளீயத்தைத் தேடி இப்பக்கம் வந்து 1670-இல் கோட்டை கட்டியது தீவில்தான். 1874 ஜனவரியில் பேராக் பிரபுக்களும் ஆங்கிலேயரும் ஒப்பமிட்டதும் தீவின் பெயரால் அமைந்த 'பங்கோர் ஒப்பந்தம்'. அதன்வழி, தீவோடு சேர்ந்து லூமுட் இருக்கும் கரைப்பகுதியும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. டிண்டிங்ஸ் என்ற பேரில் அறுபது ஆண்டு வைத்திருந்தார்கள். பிறகு 1935-இல் பேராக்கிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பேரரசுக்கே இங்கு கால் நிலைக்கவில்லை என்றால் பாவம், பை தூக்கியவரைக் குறைசொல்வது நியாயமில்லை.

விதிவிலக்கு ஒன்றே. மலேசியக் கடற்படை லூமுட்டில் தளம் போட்டு நிலையாக இருக்கிறது. சொந்தமாகக் கப்பல் உள்ளவருக்கு அடுத்த பெரி எப்போது என்ற கவலை இல்லை.

இனி நம்மவர் பக்கம் வருவோம். மாசி மகத்துக்குப் பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போகும் தமிழ்க் குடும்பத்தோடு ஒப்பிட்டால் முதுகுப்பையர் வெறுங்கையர். அவர் சுமை இரண்டே பையில் அடங்கிவிடும். நம் சுமைக்கு எல்லையில்லை: பால்குடம், பாய், அடுக்குச் சட்டியில் புளிச்சோறு, மாற்றுத் துணி, போன வருடம் மறந்துவிட்டதால் இந்த வருடம் இரண்டாக வந்திருக்கும் குடை. இவற்றைப் பாட்டி முதல் பேரன் வரை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்து, ஜெட்டியில் நின்று, "டேய் தம்பி, பால்செம்ப யாருடா வச்சிருக்கா?" என்று கூவுவதே நம் முறை. திரும்பி வரும்போது சுமை குறையும் என்று நினைப்பவர், 2020 முதல் பங்கோர் தீர்வையற்ற தீவாகிவிட்டதை மறந்தவர். பால்குடம் போன இடத்தில் சாக்லெட்டும் பாத்திரமும் வரும். கூடவே நெத்திலி.

ஆனால் லூமுட்டில் தங்காமையில் இரு சாராரும் ஒருமித்தவர்கள். இந்த ஊரில் பேசப்படும் மொழிகள் பல, வெளியூர்க்காரர் கேட்கும் கேள்வி மட்டும் ஒன்றே: "அண்ணே, அடுத்த பெரி எத்தன மணிக்கு?" கரையோர நடைபாதை காலியாகக் கிடக்கிறது. கிளிஞ்சல் மாலைக் கடைக்காரர், தம்மைக் கடந்து ஓடும் பைகளின் பின்புறத்தை மட்டுமே அறிவார்.

ஆய்வு முழுமை பெற ஒரு சோதனை மிச்சமிருக்கிறது. அடுத்த மாசி மகத்துக்குப் போகும் வாசகர்கள் ஜெட்டியில் ஒரே ஒரு பெரியை வேண்டுமென்றே விட்டுவிட்டு, பால்செம்பைப் பத்திரமாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு தே தாரே குடித்து, என்ன நேர்ந்தது என்று எழுதி அனுப்புங்கள். தே தாரே செலவை ஆய்வாளர் ஏற்கமாட்டார்.