வீடு எங்களுடையது, தரை சாமியுடையது

1960-களின் நடுவில் என் அப்பா ராஜா அண்ணாமலைபுரத்தில், மந்தைவெளியை ஒட்டிய ஒரு தெருவில் அரை கிரவுண்டு மனை எடுத்தபோது, உறவினர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து போனார்கள். "மழை பேஞ்சா முழங்கால் தண்ணி நிக்குமே! இருட்டினா ரிக்‌ஷாக்காரன் வரமாட்டானே!" ஏ.ஜி. ஆபீஸ் குமாஸ்தாவுக்கு மயிலாப்பூர் மாடவீதி கட்டுப்படியாகாது. இங்கே மனை கோயிலுடையது, மேலே கட்டிக்கொள்ளும் வீடு நம்முடையது. அடிமனை வாடகை மாதம் பத்து ரூபாய்க்குள். எந்தக் கோயில் என்று சொல்லப்போவதில்லை. சாமி கோபித்துக்கொண்டால் ஓர் அர்ச்சனையில் சரிக்கட்டலாம். கோயில் ஆபீசில் அது நடக்காது.

பி.எஃப். கடன் போட்டு ஒரு வீட்டைக் கட்டிவிட்டால் வயதான காலத்தில் நிம்மதி என்பது அப்பாவின் கணக்கு. சட்டமும் அவர் பக்கம்தான் இருந்தது. வாடகையை ஒழுங்காகக் கட்டினால் கிளப்ப மாட்டார்கள் என்று நம்பி, பிறர் மனையில் வீடு கட்டிக்கொண்டவர்களுக்காகவே போட்டது 1921-ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். மனையையே விலைக்குத் தரச்சொல்லிக் கோர்ட்டில் கேட்கவும் அதில் வழி இருந்தது. அப்பா கேட்கவில்லை. "சாமி சொத்துக்கு விலை பேசறதாவது!" 1996-இல் கோயில் மனைகளை அந்தச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். மயிலாப்பூர் கிளப் சுப்ரீம் கோர்ட் வரை போய்ப் பார்த்தது. திருத்தம் செல்லும் என்று 2005-இல் தீர்ப்பு வந்தது. டென்னிஸ் கோர்ட் வைத்த கிளப்பும், ஊஞ்சல் மாட்ட உத்தரமில்லாத எங்கள் வீடும் ஒரே வரிசையில் நின்றது அந்த ஒரு முறைதான்.

இதற்கிடையில் பேட்டை முன்னேறியது. நாங்களும் கைதட்டினோம். 2004-இல் பறக்கும் ரயில் கிரீன்வேஸ் சாலைக்கு வந்தது. 2011-இல் அடையாற்று முகத்துவாரத்தில் தொல்காப்பியப் பூங்கா திறந்தார்கள். எம்.ஆர்.சி. நகரில் ஐந்து நட்சத்திர ஓட்டல் முளைத்தது. இப்போது மெட்ரோவுக்குத் தோண்டுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் மனையின் மதிப்பு ஏறியது. கைதட்டியதற்கான பில் பின்னால் வந்தது. அறநிலையச் சட்டத்தின் 34-ஏ பிரிவுப்படி ஒரு குழு (பத்திரப்பதிவுத் துறைக்காரரும் அதில் உண்டு) அக்கம்பக்கத்து நிலவரத்தைப் பார்த்து வாடகையை நிர்ணயிக்கும். அக்கம்பக்கம் என்றால் லிஃப்டும் கார் பார்க்கிங்கும் வைத்த அடுக்குமாடிகள்தான். சதுர அடி பத்தாயிரம் என்று குறைத்தே போடுங்கள். 1,200 சதுர அடிக்கு ஒரு கோடியே இருபது லட்சம். ஆயிரத்தில் ஒரு பங்குதான் மாத வாடகை என்றாலும் 12,000 ரூபாய். அது வெறும் தரைக்கு. ஒழுகும் மொட்டைமாடியும் சொத்துவரியும் எங்கள் பாடு. அரசு தரும் முதியோர் ஓய்வூதியம் 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆயிற்று. பத்துப் பெரியவர்கள் கூடி வாங்கினால் எங்கள் அரை கிரவுண்டுக்குச் சரியாக இருக்கும். சாப்பாட்டுக்குத்தான் வேறு இடம் பார்க்க வேண்டும்.

கோயில் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பத்து ரூபாய்க்கு மனையை எடுத்து, வாசல் பக்கம் கடை கட்டிப் பல மடங்குக்கு உள்வாடகை விட்டுவிட்டு, சாமிக்கு அந்தப் பத்து ரூபாயையும் பாக்கி வைத்த புண்ணியவான்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களைப் பற்றி 75 உத்தரவுகள் போட்டதில் பாக்கி வசூலும் சேர்ந்திருந்தது. விளக்குக்கு எண்ணெயில்லாத கோயில்கள் உள்ள ஊரில் அதைத் தப்பு என்பதற்கில்லை. ஆனால் வாடகை நிர்ணயிக்கிற தாளில் மனையின் அளவை எழுதக் கட்டம் இருக்கிறது. மேலே குடியிருப்பவரின் வயசை எழுத இல்லை.

அறுபது தாண்டியவர்கள் சொந்த வீட்டை வங்கியில் வைத்து மாதாமாதம் பணம் வாங்கிக்கொள்ளலாம், கடைசிவரை அதே வீட்டில் இருக்கலாம் என்று 2007 பட்ஜெட்டில் ஒரு திட்டம் சொன்னார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். மானேஜர் மரியாதையானவர். "வீடு இருக்கு சார். அது நிக்கறதுக்கு இடம் இல்லையே" என்றார்.

வேறு வாடகை வீட்டுக்குப் போகலாம் என்றால், தரகர் முதலில் கேட்பது எங்கள் வயதை. அடுத்தது, பையன் கூட இருப்பானா? பிறகு பத்து மாத அட்வான்ஸ். 2019-இல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய, மூன்று மாதம்தான் என்றேன். "எல்லாரும் வேற மாதிரிதான் சார் எழுதிக்கறாங்க" என்றார்.

கோவிந்தசாமி நகரை நினைத்தால் எங்களுடையது சொகுசான கஷ்டம். பக்கிங்காம் கால்வாய்க் கரையில், இதே ராஜா அண்ணாமலைபுரத்தில்தான் இருந்தது. 2022 மே மாதம் நீதிமன்ற உத்தரவின்படி அங்கே வீடுகளை இடித்தபோது, அறுபது வயதை ஒட்டிய ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகு, மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு தருவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். எங்கள் தெருவில் அதை ரெண்டு நாள் பேசினோம். அப்புறம் மெட்ரோ பள்ளத்தைப் பற்றிப் பேசினோம்.

போன மாதம் எதிர்வீட்டு மாமிக்கு ஒரு கடிதம் வந்தது. எண்பது தாண்டியவர், தனியாக இருக்கிறார். படித்துச் சொல்லச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார்.

"உயர்த்தின வாடகையைக் கட்டலையாம் மாமி. குத்தகையை ரத்து பண்ணிட்டா. 78-ஆம் பிரிவுப்படி நீங்க இனிமே ஆக்கிரமிப்பாளர்."

"அப்போ வாடகை வேண்டாமாமா?"

"வேணும். அதை இழப்பீடுன்னு வாங்கிப்பா."

மாமி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். "அந்த ஆபீஸ் மாடியில இருக்குடா. வாடகைன்னா நான் படியேறிப் போய்க் கட்டணும், சரி. ஆக்கிரமிச்சவாகிட்ட அவாளே வந்து வாங்கிண்டு போவாளா? கேட்டுச் சொல்லு."