பற்றாத ராடு: வளவனூர் வட்டாரத்து வெல்டிங் மெஷின் பழுதியல்

வீட்டு வெல்டிங் மெஷின் பழுதாவது இயற்கை. அதை வீட்டிலேயே பிரித்துப் போடுவது மனித இயல்பு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே பழுதியல். அதன் வரலாறு சுருக்கமானது. விழுப்புரத்திலிருந்து வளவனூர் வழியாகப் புதுச்சேரிக்கு 1879இல் தண்டவாளம் வந்தது. 1880களில் ரஷ்யாவைச் சேர்ந்த பெனார்டோஸ் என்பவர் மின்சாரத் தீப்பொறியால் இரும்பை ஒட்டிக் காட்டினார். மிச்சத்தைச் சென்னை ரிச்சி தெரு பார்த்துக்கொண்டது.

நமது கருதுகோள் இது: வாசல் கேட்டின் கீலை ஒட்ட ஆள் கூப்பிட்டால் கூலி ஆகுமே என்று மெஷின் வாங்கியவர், அதைப் பழுது பார்க்க ஒருக்காலும் ஆள் கூப்பிட மாட்டார்.

இத்துறையில் தட்டுவோர் மரபு தொன்மையானது. செம்புக் கம்பிச் சுற்றும் இரும்புத் தகடுமாக, இரண்டு ஆள் தூக்கும் டிரான்ஸ்பார்மர் மெஷின் காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது; தளர்ந்த முனை ஒரு தட்டுத் தட்டினால் சேர்ந்துகொள்ளும். தோளில் மாட்டும் இன்வெர்ட்டர் வந்தபின் ஊதுவோர் மரபு தலையெடுத்தது. இவர்கள் கட்சியே வலுவானது. பக்கத்தில் கிரைண்டர் ஓடும்போது பறக்கும் இரும்புத்தூளை மெஷினின் விசிறி உள்ளே இழுத்துப் போர்டில் படிய வைக்கிறது. இரும்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பதற்கு அங்கே நிரூபணம் கிடைக்கும்.

அடுத்த தரவு பல்லி. கதகதப்புக்காகச் சல்லடை வழியே நுழைந்தது, இரண்டு முனைகளுக்குப் பாலமாகி உயிர் நீத்திருக்கும். தலையில், தோளில், முதுகில் பல்லி விழுந்தால் என்ன பலன் என்று உறுப்பு உறுப்பாகச் சொல்லும் பஞ்சாங்கம், சர்க்யூட் போர்டில் விழுந்த பல்லியைப் பற்றி மௌனம் சாதிக்கிறது. மின்னோட்டத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டரான மாஸ்பெட் நாசம் என்று நாம் நிரப்பிக்கொள்ளலாம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்று கை வைப்பவருக்கு வேறு பலன். 230 வோல்ட் ஏசி, டிசியாக மாறிக் கெப்பாசிட்டரில் ஏறினால் ஏறத்தாழ 325 வோல்ட். பிளக் போனாலும் அது கொஞ்ச நேரம் அங்கேயே குடியிருக்கும். குண்டு பல்பு ஒன்றின் வழியே வடித்துவிட்டுத்தான் தொட வேண்டும். அதே பல்பு சோதனைக்கும் உதவும். மெஷினோடு சீரீஸில் 100 வாட் பல்பைப் போட்டு சுவிட்சைத் தட்டினால், ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்ல சகுனம். பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட்.

மாஸ்பெட்டில் ஒன்றுதான் போயிருக்கிறது, ஒன்றை மட்டும் மாற்றுவோம் என்பது சிக்கனவாதிகள் கொள்கை. கூட்டாகச் சுமை இழுப்பவை அவை. அவற்றை இயக்கும் முனையிலுள்ள கேட் ரெசிஸ்டரைப் பார்க்காமல், பழசோடு புதுசைக் கலந்தால் அடுத்த பொறியில் அத்தனையும் போகலாம். பிறகு செட்டாகவே வாங்க வேண்டும். விழுப்புரத்திலா புதுச்சேரியிலா, எது மலிவு என்பதைப் பஸ் கட்டணத்தையும் கூட்டித்தான் முடிவு செய்ய முடியும்.

இதுவரை சொன்னது பெட்டியைத் திறந்த பின் உள்ள இயல். திறக்குமுன் படிக்க வேண்டியதை எல்லோரும் கடைசியில்தான் படிக்கிறார்கள். ஆகவே இங்கும் கடைசியில். எர்த் கிளாம்ப்பைப் பெயின்டின்மேல் கடிக்க விட்டால் ராடு பற்றாது. பந்தல் விளக்குக்கென்று பிறந்த மெல்லிய வயரைத் தெருக்கோடிவரை இழுத்தால் வோல்டேஜ் வழியிலேயே செலவாகிவிடும். ஐப்பசி மழையில் அப்பளம்போல் நமத்துப்போன ராடு ஒட்டிக்கொள்ளும், சிதறும், பழி மெஷின்மேல் விழும். பழைய தோசைக்கல்லில் போட்டுச் சூடு காட்டினால் ஈரம் போய்விடும் என்போர் உண்டு. எது பழைய தோசைக்கல் என்பதில்தான் அறிஞர்களுக்கும் இல்லத்தாருக்கும் கருத்து வேறுபாடு.