ஞானப் பஞ்சர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, சமாதானபுரத்தில், என் சமாதானம் போயிற்று. பின் டயர். ஆராதனை எட்டரைக்கு. கஞ்சி போட்ட வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் பைபிள், கையில் நூற்றிருபது கிலோ இரும்பு. வீட்டுக்காரி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கூட இருந்திருந்தால் பிரசங்கம் அங்கேயே முடிந்திருக்கும்.

எங்கள் சபையில் ஒரு அண்ணாச்சி உண்டு. உங்கள் சபையிலும் இருப்பார், பெயர்தான் வேறாக இருக்கும். அவர் வண்டி என் பக்கத்தில் வந்து நின்றது. பின்சீட்டு காலி. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், நான் குறித்துக்கொண்டேன்.

"ஸ்தோத்திரம் தம்பி. என்ன, நடுரோட்டுல நிக்கிய?"

"பஞ்சர் அண்ணாச்சி."

இறங்கினார். ஸ்டாண்டு போட்டார். தள்ளத்தான் வருகிறார் என்று நம்பி நான் ஓரமாக நகர்ந்து இடம் கொடுத்தேன். குனிந்து டயரைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடினார். அந்த மூடலை எனக்குத் தெரியும். நானே எத்தனையோ தடவை அப்படி மூடியிருக்கிறேன்.

"இதுல ஆண்டவர் நமக்கு என்ன சொல்லுதாரு தெரியுமா?"

ஆண்டவர் என்ன சொன்னாரோ, எனக்குக் கேட்டது 'ஸ்ஸ்ஸ்' மட்டும்தான். அண்ணாச்சிக்கு நிறையக் கேட்டிருக்கிறது. பதினோரு நிமிஷம் சொன்னார். ஆணி சின்னது, பாவமும் சின்னதாய்த்தான் நுழையும். வண்டியின் பளபளப்பு மாம்சம், டயர் உள்ளான மனுஷன். முடித்துவிட்டு என் தோளைத் தட்டி, "ஜெபத்துல தாங்குதேன் தம்பி" என்று சொல்லி வண்டியை எடுத்தார். வண்டியைத் தாங்க ஆளில்லை. காலிப் பின்சீட்டு முருகன்குறிச்சிப் பக்கம் ஆனந்தமாகக் குலுங்கிக்கொண்டு போனது.

இதுபற்றி மூன்றே மூன்று காரியங்களைச் சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன்.

முதலாவது, நானும் யோக்கியன் இல்லை. என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. வீட்டு ஜெபக்கூட்டத்தில் 'வார்த்தையைப் பகிர்ந்துகொள்ள' என் முறை வரும்போது அதைத்தான் புரட்டுவேன். சிம் கார்டு, சார்ஜர், கரண்ட் கட், கொசுவலை என்று ஆவிக்குரிய அர்த்தம் இல்லாத ஒரு பொருளையும் எங்கள் வீட்டில் நான் விட்டுவைக்கவில்லை. இட்லி மாவைப் போல வசதியான வஸ்து கிடையாது. வேதத்தில் புளிப்பு இரண்டு பக்கமும் பேசும். மாவு பொங்கி வந்தால் பரலோக ராஜ்யம், புளித்துப்போய்விட்டால் பரிசேயர். எந்த நாளில் எந்த மாவு கிடைத்தாலும் செய்தி தயார். தேங்காயும் அப்படித்தான். மூன்று கண், திரித்துவம். ஆனால் முளை வருவது ஒரு கண்ணில்தான். அந்த ஒரு கண் யார் என்று கேட்டால் உபதேசம் தடுமாறும். அதனால் அந்த இடம் வந்ததும் நான் சட்டென்று இளநீருக்குப் போய்விடுவேன்.

இதைத் தொடங்கிவைத்தவரே ஆண்டவர்தானே என்று நீங்கள் கேட்கலாம். விதை, வலை, காணாமற்போன காசு. உண்மைதான். ஆனால் அவர் சட்டென்று முடித்தார். புளித்த மாவின் உவமை மொத்தமும் ஒரே வசனம், மத்தேயு 13:33. அதை வைத்து நான் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன்.

இரண்டாவது, இந்த வியாதி ஒட்டுவாரொட்டி. வண்டியை அரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய்க் கடையில் விட்டேன். திருச்செந்தூர் முருகன் காலண்டருக்குக் கீழே கிடந்த பழைய டயர்மேல் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணாச்சிமேல் எரிச்சலோடு மட்டும் இருப்பது என்று தீர்மானம். கடைக்காரத் தம்பி டியூபை உருவி, காற்றடித்து, கருத்த தண்ணீர் நிற்கும் ஓட்டைத் தொட்டியில் அமுக்கினான். குமிழி வந்தது. அவ்வளவுதான், எனக்குள் யாரோ மைக்கைத் தட்டினார்கள்.

முழுக்கு! பஞ்சர் கடை பெந்தெகொஸ்தே சபை. யோசித்துப் பாருங்கள். பிறந்த குழந்தையான புது டியூபை யாரும் தொட்டிக்குக் கொண்டுவருவதில்லை. வயது வந்து, உலகத்தில் ஓடி, தன் ஓட்டையைத் தானே உணர்ந்த டியூபுக்கு மட்டும்தான் முழுக்கு. விசுவாசிகளின் ஞானஸ்நானத்துக்கு இதைவிடச் சுத்தமான விளக்கம் எந்த வேதபாடக் கல்லூரியிலும் கிடைக்காது. அப்படியானால் நாங்கள்? பக்கத்து வண்டியைப் பார்த்தேன். டியூப்லெஸ். அதற்குத் தொட்டி கிடையாது. சோப்புத் தண்ணீரைத் தெளித்து நுரை வருகிறதா என்று பார்க்கிறார்கள். தெளிப்பு! ஆக, டியூப்லெஸ் டயர் எங்கள் சி.எஸ்.ஐ. சபை. இன்னும் நெருங்கிப் பார்த்தால் பொருத்தம் கூடிக்கொண்டே போகிறது. ஆணி குத்தினாலும் உடனே படுக்காது. ஆணியை உள்ளேயே வைத்துக்கொண்டு ஆறு மாதம்கூட ஓடும். ஆராதனைக்கு வரும், காணிக்கைப் பையில் போடும், அசனப் பண்டிகையில் முதல் பந்தியில் உட்காரும், கமிட்டித் தேர்தலிலும் நிற்கும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றுமே தெரியாது.

நைட்ரஜன் நிரப்புகிறார்களே, அது செழிப்பு உபதேசம். நாம் சும்மா சுவாசிக்கிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதற்குத் தனிக் கவுண்டர், தனிக் கட்டணம், பச்சை நிற வால்வு மூடி. ஒட்டுவதற்கு முன் டியூபை உப்புத்தாளால் தேய்ப்பது சோதனை. சொல்யூஷன் தடவியதும் ஒட்டிவிடக் கூடாது, காயக் காத்திருக்க வேண்டும், அது பொறுமை. கடைசியில் தம்பி விரலில் எச்சில் தொட்டு வால்வில் வைத்துப் பார்த்தான். யோவான் 9ஆம் அதிகாரம்! பிறவிக் குருடனுக்குக் கண் திறந்த இடத்திலும் எச்சில் உண்டு. சொன்னால் அடித்துவிடுவீர்கள், எசேக்கியேல் முதல் அதிகாரத்தில் சக்கரத்துக்குள் சக்கரம் வருகிறது, அந்தச் சக்கரங்களில் ஆவி இருந்தது என்று தீர்க்கதரிசி எழுதியே வைத்திருக்கிறார். கிரேக்கத்தில் 'நியூமா' என்றால் காற்று, ஆவி இரண்டும்தான். காற்றடைத்த டயருக்கு இங்கிலீஷ்காரன் வைத்த பெயர் நியூமேட்டிக்.

இந்த இடத்தில் எனக்கு உண்மையிலேயே துக்கம் வந்தது. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து தஞ்சாவூருக்குப் போன வேதநாயகம் சாஸ்திரியார் நினைவு. மனுஷர் எதைத் தொட்டாலும் முன்னால் ஒரு 'ஞான' போட்டு ஊதிவிடுவார். கிணற்றில் ஏற்றம் இறைக்கிறார்களா, ஞான ஏற்றப்பாட்டு. தச்சு வேலையா, ஞானத்தச்ச நாடகம். குறத்தி குறி சொல்கிறாளா, அவளையும் பெத்லகேமுக்கு அனுப்பி ஒரு குறவஞ்சி. அவர் கையில் இந்தத் தொட்டியும் குமிழியும் கிடைத்திருந்தால் ஞானப் பஞ்சர்ச் சிந்து ஒன்று பாடியிருப்பார், நாம் இன்றைக்கு அதை மார்கழிப் பஜனையில் தாளம் தட்டிப் பாடிக்கொண்டிருப்போம். 1864இல் போய்ச் சேர்ந்துவிட்டார். டன்லப் சைக்கிளுக்குக் காற்று டயர் கட்டியது 1888இல். இருபத்துநாலு வருஷத்தில் தமிழுக்கு ஒரு காப்பியம் நஷ்டம்.

"ஆணி சார்" என்று தம்பி என் உள்ளங்கையில் ஒரு துருப்பிடித்த துண்டை வைத்தான்.

"அவ்வளவுதானா தம்பி?" என்றேன், வேறு நினைப்பில்.

"டயரும் மொட்டை சார். அடுத்த மாசம் மாத்திருங்க. நூறு ரூவா."

கோவில் போய்ச் சேர்ந்தபோது ஆசீர்வாதம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாசலில் அண்ணாச்சி. "சரியாப்போச்சா தம்பி? ஜெபிச்சேன்" என்றார். ஜெபித்திருப்பார், சந்தேகமில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. சமாரியன் கதையில் வழியில் அடிபட்டுக் கிடந்தவனை அந்த ஆள் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, சொந்த மிருகத்தில் ஏற்றி, சத்திரத்துக்கு இரண்டு பணம் கொடுத்துவிட்டுப் போனான். இதில் உனக்கு என்ன பாடம் என்று ஒரு வார்த்தை கேட்டதாக லூக்கா எழுதவில்லை. விலகிப் போன ஆசாரியனும் லேவியனும் அடுத்த ஓய்வுநாளுக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டே போயிருப்பார்கள் என்பது என் சொந்த வியாக்கியானம். ஆனால் பாருங்கள், அந்தக் கதையையும் விடவில்லை. பரிசுத்த அகுஸ்தீன் அதை எடுத்து அடிபட்டவன் ஆதாம், சத்திரம் சபை, சத்திரக்காரன் பவுல், ஏற்றிக்கொண்ட மிருகம் கிறிஸ்துவின் மாம்சம் என்று பங்கு பிரித்துவிட்டார். ஒருவன் இன்னொருவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான் என்கிற சங்கதி அதில் எங்கோ ஒரு மூலைக்குப் போயிற்று. ஆயிரத்து அறுநூறு வருஷமாக அண்ணாச்சிக்கு ஆதாரம் பலமாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது காரியத்துக்கு வருவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. ஜெபக்கூட்டத்தில் அன்று வார்த்தை என் முறை. நோட்டில் நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன்: முழுக்கு, தெளிப்பு, நைட்ரஜன், எசேக்கியேல். நைட்ரஜனில் சிரிக்க நேரம் விட்டிருந்தேன். உப்புத்தாளில் ஒரு அக்காவாவது கண்ணைத் துடைப்பார்கள் என்று கணக்கு.

அதற்கு முன்னால் சாட்சி நேரம். அண்ணாச்சி எழுந்தார்.

"போன ஞாயித்துக்கிழம வாற வழியில ஒரு சகோதரன் வண்டி பஞ்சராகி முறுமுறுத்துக்கிட்டு நின்னாரு. யாருன்னு சொல்ல விரும்பல" என்று என்னைப் பார்த்தார். இருபத்திரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆணி போயிற்று. டியூப் போயிற்று. முழுக்குக்கும் வந்துவிட்டார் பாவி மனுஷர், தொட்டியை அவர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை! தெளிப்பு, நைட்ரஜன், உப்புத்தாள், எசேக்கியேல், ஒன்றையும் விடவில்லை. எச்சில் மட்டும்தான் எனக்கு மிச்சம். எச்சிலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு செய்தி கொடுக்க முடியாது.

"அடுத்து தம்பி வார்த்தையைப் பகிர்ந்துகொள்வார்" என்றார்கள். நான் எழுந்து, நோட்டைப் பின்னால் புரட்டி, தேங்காயை எடுத்தேன். இதே வீடுகளில் நாலாவது தடவை. இரண்டாவது கண்ணைத் தாண்டுவதற்குள் அண்ணாச்சி பலமாக ஒரு ஆமென் போட்டார். பின்வரிசையில் ஒரு பையன் தன் அம்மாவிடம், "இப்போ இளநீ வரும் பாரு" என்றான்.